கத்தித் தீர்த்தால் தீருமா?

"கோபத்தை உள்ளேயே வைத்தால் ஹார்ட் அட்டாக் வரும், டாக்டர். அதனால் அப்பப்போ கத்தித் தீர்த்துவிடுவேன்." இதய நோய்ப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இதைக் கேட்காமல் ஒரு வாரம் போவதில்லை. சொல்பவர் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய ஆண். பக்கத்தில் மனைவி, ரிப்போர்ட் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல். போதாக்குறைக்கு வாட்ஸ்அப்பிலும் இதே உபதேசம் சுற்றுகிறது: தலையணையைக் குத்துங்கள், மொட்டைமாடிக்குப் போய் அலறுங்கள், ஸ்ட்ரெஸ் போய்விடும்.

போகாது. விசில் விட்டதும் ஆவி குறைய மனசு என்ன பிரஷர் குக்கரா?

இந்த நம்பிக்கைக்குப் பழைய வேர் உண்டு. 1895-இல் ஃப்ராய்டும் ப்ராயரும் அடைபட்ட உணர்ச்சியை வெளியேற்றுவது பற்றி எழுதினார்கள். 1970-இல் ஆர்தர் யானவ் என்ற அமெரிக்கர் அலறுவதையே சிகிச்சையாக்கிப் புத்தகம் போட்டார். பாடகர் ஜான் லெனன்கூட அவரிடம் போனார். பிரபலமானவர் போய்விட்டால் போதுமே, நமக்கு வேறு ஆதாரம் எதற்கு?

ஆதாரம் தேடியவர்கள் இருக்கிறார்கள். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட பரிசோதனையில் 600 மாணவர்களை முதலில் கோபப்படுத்தினார். ஒரு பிரிவினர் கோபமூட்டியவனை மனதில் நினைத்தபடி குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள்; இன்னொரு பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம் மிஞ்சியது. சும்மா இருந்தவர்கள் அவர்களைவிட அடங்கிப் போயிருந்தார்கள். 2024-இல் அவரும் சோஃபி கியார்விக்கும் 154 ஆய்வுகளை, பத்தாயிரம் பேருக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்து அலசியபோதும் இதே கதைதான். உடலின் படபடப்பைக் கூட்டும் வழிகள் மொத்தத்தில் கோபத்தைக் குறைக்க உருப்படியாக உதவவில்லை. ஓட்டத்துக்குக்கூட அந்தப் பெயர் கிடைக்கவில்லை. (இதயத்துக்காக ஓடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது?) மூச்சை நிதானப்படுத்துவது, தசைகளைத் தளர்த்துவது, தியானம் ஆகியவை குறைத்தன.

இனி என் துறைக்கு வருகிறேன். 2014-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கோபம் வெடித்ததற்கு அடுத்த 2 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் அபாயம் மற்ற நேரத்தைவிட ஏறக்குறைய 5 மடங்கு. அட்ரினலின் பாய்கிறது, நாடி எகிறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. ஏற்கெனவே கொழுப்பு படிந்த குழாயில் இதெல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல ஆரோக்கியம் உள்ளவர் என்றைக்கோ ஒருநாள் கத்தினால் பெரிய ஆபத்தில்லை, வாஸ்தவம். ஆனால் என்னிடம் வருபவர்களுக்கு சுகர், பிரஷர், பாக்கெட்டில் சிகரெட் எல்லாம் இருக்கிறது, கத்துவதும் தினசரி. 2024-இல் வெளியான இன்னொரு ஆய்வு ஆரோக்கியமான 280 பேரிடம் நடந்தது. கோபமூட்டிய சம்பவத்தை 8 நிமிடம் நினைத்துப் பார்த்ததற்கே, ரத்தக்குழாய் விரியும் திறன் 40 நிமிடம் வரை குறைந்தது. நினைத்ததற்கே இந்தக் கதி.

"என்னால் அடக்கவே முடியலை" என்பார்கள் அடுத்து. அப்படியா? காலையில் மேனேஜர் பத்துப் பேர் முன்னால் கிழித்தபோது எப்படி அடங்கியது? அங்கே "சரி சார்" என்ற அதே வாய், இரவு சாம்பாரில் உப்பில்லை என்று அலறுகிறது. ஸ்விக்கி பையனிடமும் பஸ் கண்டக்டரிடமும் மட்டும் அடக்க முடியாமல் போகும் கோபத்தை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்போ விழுங்கச் சொல்கிறீர்களா என்று கேட்காதீர்கள். விழுங்கவும் வேண்டாம், துப்பவும் வேண்டாம். எழுந்து வெளியே போங்கள். உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சை நீட்டி, ஒரு ஐந்து நிமிடம். நாடி இறங்கிய பிறகு திரும்பி வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். பாதி விஷயம் சொல்லத் தகுதியில்லாதது என்று அதற்குள் தெரிந்துவிடும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தர மாட்டேன். டென்ஷனால்தான் அல்சர் என்பது: பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் வலி மாத்திரைகளும். அதைக் காட்ட பாரி மார்ஷல் 1984-இல் கிருமியைத் தானே குடித்தார். 2005-இல் ராபின் வாரனோடு நோபல் வாங்கினார். சிகரெட் டென்ஷனைக் குறைக்கும் என்பது: முந்தைய சிகரெட்டின் நிகோடின் இறங்கியதால் வந்த படபடப்பைத்தான் அது தணிக்கிறது. ஒரு குவார்ட்டர் போட்டால் நல்ல தூக்கம் என்பது: கண் சீக்கிரம் சொருகும், பின்னிரவில் தூக்கம் கலையும்.

பெரிய பதவிக்காரர்களுக்குத்தான் டென்ஷன் என்ற பேச்சு மட்டும் எனக்கு எரிச்சல். லண்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, அரசு ஊழியர்களான பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்தது. இதய நோயால் செத்தவர்கள் உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடையே மூன்று மடங்குக்கும் மேல். புகை, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கழித்த பிறகும் இடைவெளி மறையவில்லை. தன் வேலையில் தனக்கே அதிகாரமில்லாதது ஒரு காரணம் என்று பின்னாளில் தொடர்ந்த ஆய்வு காட்டியது.

எப்போது உட்காரலாம் என்பதுகூட அந்த அதிகாரத்தில் சேர்த்திதான். கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடி, கேரளத்தில் 2018-இல் உட்காரும் உரிமை வந்தது. தமிழ்நாட்டிலும் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றாக்கினார்கள். காலையிலிருந்து இரவு வரை நின்று, நூறு புடவை பிரித்துக் காட்டி, "இதெல்லாம் ஒரு கலெக்‌ஷனா" என்று வாங்கிக் கட்டிக்கொள்ளும் பெண்ணிடம் மூச்சுப் பயிற்சி செய்யம்மா என்று சொல்ல எனக்குக் கூசுகிறது. அடுத்த முறை ஜவுளி எடுக்கப் போனால் கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்காரத்தான் முடிகிறதா என்று எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் முதலாளியைக் கேளுங்கள். மழுப்பினால் தொழிலாளர் துறைக்கு ஒரு புகார் எழுதிப் போடுங்கள்.