குட்டைப் பரம்பரை என்று விட்டுவிடலாமா?



“எங்க வம்சமே குட்டைதாங்க, புள்ள மட்டும் எப்படி வளரும்?” ஆயாக் கொட்டகை வாசலில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் பாதி உண்மை. மறுபாதி பிள்ளைக்குக் கேடு.

முதலில் உண்மையைப் பார்ப்போம். நம் உடல் வளரும் விதத்தில் மரபணுக்களுக்குப் பெரும் பங்குண்டு. அவற்றில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. 1982-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பால்மிட்டர், பிரின்ஸ்டர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். பெரிய எலியின் வளர்ச்சி மரபணுவைச் சுண்டெலியின் கருமுட்டைக்குள் மெல்லிய ஊசியால் செலுத்தினார்கள். பிறந்த 21 குஞ்சுகளில் 7-ல் அந்த மரபணு இருந்தது. அவற்றில் 6 மற்றவற்றைவிட நன்கு பெருத்து வளர்ந்தன. சில ஏறக்குறைய இரு மடங்கு! ஏழாவது மட்டும் அப்படி வளரவில்லை. மரபணு உள்ளே இருந்தால் மட்டும் போதாது, அது வேலையும் செய்ய வேண்டும்.

இனி மறுபாதி. ஆளுக்கு ஆள் உயரம் மாறுவதில் நூற்றுக்கு 80 பங்கு பரம்பரையால் என்பார்கள். ஆனால் அது நல்ல சாப்பாடு கிடைக்கும் மக்களிடம் எடுத்த கணக்கு. சத்துக் குறைந்த இடத்தில் கணக்கே மாறிவிடும்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ஆர்.ஆர்.ஐ.எம். 600 ஒட்டுக்கன்றுகள் எல்லாம் ஒரே இனம். உரம் போட்ட நல்ல மண்ணில் ஒரு மாதிரி பால் கொடுக்கும். கல்லு மேட்டில் வேறு மாதிரி. அதற்காக மரத்தின் இனத்தையா குறை சொல்வோம்?

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் சுமார் 22 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. இத்தனை பேருமா குட்டைப் பரம்பரை? கர்ப்பத்தில் தாய்க்குச் சத்தின்மை, பிள்ளைக்குப் போதாத சாப்பாடு, அடிக்கடி வயிற்றுப்போக்கு, இவையும் வளர்ச்சியைத் தடுக்கும். கருவுற்றது முதல் இரண்டு வயது வரை மிக முக்கியமான காலம்.

ஆகவே, கர்ப்பிணிக்குக் கடைசிப் பங்கு சோறு என்ற பழக்கத்தை விடுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். பிறகு தாய்ப்பாலோடு முட்டை, நெத்திலி, பருப்பு, கீரை சேருங்கள். இனிப்பு டின் பால் குழந்தைக்கு உணவாகாது. சோறூட்டும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கிளினிக்கில் எடை பார்த்தால் மட்டும் போதாது. உயரத்தையும் அளந்து புத்தகத்தில் குறிக்கச் சொல்லுங்கள். வளர்ச்சிக் கோடு படுத்துவிட்டால், “நம்ம ரத்தம் அப்படி” என்று திரும்பி வந்துவிடாதீர்கள். காரணத்தை டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.