சிகிச்சை ஆய்வில் குலுக்கல் எதற்காக?

மருத்துவ ஆய்வொன்றில் சேர அழைக்கப்படும் நோயாளிகள், "எனக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்யாமல் குலுக்கலா முடிவு செய்யும்?" என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. பழைய ஆய்வு ஒன்றின் வழியே இதற்கு விடை கூற விரும்புகிறோம்.

1947ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் புதிய மருந்து மிகக் குறைந்த அளவே கிடைத்தது. நுரையீரல் காசநோய்க்கு அது பயன்படுமா என அறிய, அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 107 நோயாளிகளைக் கொண்டு ஆய்வு நடத்தியது. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும் அளிக்கப்பட்டன; 52 பேருக்கு, அக்கால வழக்கப்படி, ஓய்வு மட்டும். காசநோய் சிலருக்குத் தானாகவே தணிவதுண்டு. ஒப்பிடுவதற்கு இரண்டாவது குழு இல்லையெனில், அவ்வாறு தணிந்ததும் மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.

எவர் எந்தக் குழுவில் சேர்வது? மருத்துவர் தெரிவு செய்தால், இரக்கத்தால் மிக நலிந்தவருக்கே மருந்தைத் தரக்கூடும்; அல்லது தேறுவார் எனத் தாம் நம்புபவருக்குத் தரக்கூடும். எவ்வாறாயினும் இரு குழுக்களும் தொடக்கத்திலேயே வேறுபட்டுவிடும். பின்னர்க் காணும் வேறுபாடு மருந்தால் வந்ததா, தெரிவால் வந்ததா எனப் பிரித்தறிய இயலாது. எனவே புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு பட்டியல்கள் அமைத்தார். ஒரு குழுவில் மட்டும் பெண்கள் மிகுந்துவிடாதபடி, ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பட்டியல். நோயாளி ஆய்வுக்கு ஏற்கப்பட்ட பின்னரே முத்திரையிட்ட உறை பிரிக்கப்பட்டது. எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டோருக்கும் அவை எக்குழுவினருடையவை என்பது தெரியாது. நல்ல மருத்துவரின் கண்ணும் தான் விரும்புவதையே காணக்கூடும் அல்லவா?

ஆறு மாதங்களில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர். பெறாத 52 பேரில் 14 பேர். குழுவுக்கு ஐந்து பேர் மட்டும் இருந்திருந்தால், ஓரிரு உயிர்களின் வேறுபாட்டைத் தற்செயல் என்றே கொள்ள நேர்ந்திருக்கும். ஆய்வுக்குப் பலர் தேவைப்படுவது இதனால்தான். ஆயினும் ஐந்தாண்டுகளின் முடிவில் இறப்புகள் 32, 35 என நெருங்கிவிட்டன. பலரது உடலில் கிருமிகள் அம்மருந்தை எதிர்க்கும் திறன் பெற்றிருந்தன. காசநோய்க்கு இன்று பல மருந்துகளைச் சேர்த்துத் தருவதற்கு இதுவே காரணம்.

1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வும் குலுக்கல் முறையையே கையாண்டது. ஒரு சாரார் காசநோய் மருத்துவமனையில் தங்கியும், மறு சாரார் வீட்டிலிருந்தும் ஒரே வகை மாத்திரைகளை உட்கொண்டனர். வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவு தேறினர். அவர்தம் குடும்பத்தாருக்குத் தொற்றும் மிகவில்லை. பல மாதங்கள் குடும்பத்தைப் பிரிந்திருக்க வேண்டிய நிலை எத்தனையோ பேருக்கு இதனால் நீங்கியது.

பிரிட்டன் ஆய்வில் நாங்கள் ஏற்காத ஒன்றும் உண்டு: மருந்து பெறாதோருக்குத் தாம் ஓர் ஆய்வில் இருப்பதே தெரிவிக்கப்படவில்லை. இன்று அவ்வாறு செய்தல் கூடாது. இரு சிகிச்சைகளில் எது மேலானது என மருத்துவர்களுக்கே உறுதியாகத் தெரியாதபோதுதான் குலுக்கல் முறை தகும். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன், மற்றக் குழுவுக்கு என்ன சிகிச்சை, எத்தனை பேர் சேர்க்கப்படுகின்றனர், இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா என்பவற்றைத் தயங்காமல் கேளுங்கள்.