ஒரு நகரம் தன் பூங்காக்களைப் பேணும் முறை

ஓர் ஊரில் பூங்கா அமைப்பது அரிய செயலன்று. நிலம் ஒதுக்கி, வேலியிட்டு, நான்கு மரக்கன்றுகளை நட்டு, ஓர் ஊஞ்சலையும் நிறுத்திவிட்டால் திறப்பு விழா நடத்திவிடலாம். அரியது அதற்குப் பிந்திய பணியே. மூன்றாண்டு கழித்து அவ்விடம் சென்று பார்ப்போமாயின், வேலி சாய்ந்திருக்கும். ஊஞ்சலின் சங்கிலி அறுந்திருக்கும். உள்ளே ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். இதற்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டால் விடை கூறுவார் ஒருவரும் இரார்.

இது சிற்றூர்களுக்கு மட்டும் உரிய குறையன்று. பெரு நகரங்களும் இதனைக் கண்டவையே. இக்குறையைத் தீர்க்க ஒரு நகரம் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என்ன செய்து வந்திருக்கிறது என்பதை இங்கு ஆராய்வோம். அந்நகரம் செய்த நன்மை நமக்குப் பயன்படுவது போலவே, அது செய்த தவறும் நமக்குப் பயன்படும்.

தனிப் பொறுப்பு

அமெரிக்க நாட்டின் மினசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்தது மினியாபொலிஸ் நகரம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை 4,29,954. ஆற்றிலுள்ள அருவியின் வலிமையால் மாவு ஆலைகளும் மர ஆலைகளும் பெருகி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரம் விரைந்து வளர்ந்தது. வீட்டு மனைகள் ஏரிக்கரைகளை நெருங்கத் தொடங்கின. அப்போது, 1883இல், மாநிலச் சட்டசபை பூங்காக்களுக்கென ஒரு தனி வாரியம் அமைக்கச் சட்டம் இயற்றி, அதனை நகர மக்களின் வாக்குக்கு விட்டது. நகரசபை அதனை விரும்பவில்லை. ஆயினும் மக்கள் ஏற்றுக்கொண்டனர். சார்லஸ் லோரிங் என்பார் வாரியத்தின் முதல் தலைவரானார்.

அவ்வாண்டிலேயே ஹொரேஸ் கிளீவ்லாந்து என்னும் நில அமைப்பு வல்லுநர் வாரியத்திற்கு ஒரு திட்டம் வகுத்தளித்தார். அதன் சாரம் எளிது: அழகுபடுத்தும் வேலையைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம், நிலத்தை முதலில் பொதுவுடைமையாக்குக. கட்டடங்கள் எழும்பி, விலை உயர்ந்துவிட்டால், ஏரிக்கரையையும் ஆற்றங்கரையையும் எவ்வளவு பொருள் கொடுத்தும் மீட்க இயலாது. இவ்வறிவுரையைக் கேட்டதன் பயனை அந்நகரம் இன்றும் துய்த்து வருகிறது. வாரியத்தின் பொறுப்பில் இப்போது 6,800 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் நீர்ப்பரப்பும் உள்ளன. நகர மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் பத்து நிமிட நடைத் தொலைவில் ஒரு பூங்காவை அடையலாம்.

வாரியத்தின் உறுப்பினர் ஒன்பதின்மர். அறுவர் ஆறு வட்டங்களிலிருந்தும், மூவர் நகர் முழுவதிலிருந்தும், நான்காண்டுக்கு ஒருமுறை மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இவர்கள் ஒரு மேற்பார்வையாளரை நியமிக்கின்றனர். கொள்கை வகுப்பது உறுப்பினர் கடமை. நாள்தோறும் வேலை நடத்துவது மேற்பார்வையாளர் கடமை. செலவின் பெரும்பகுதி சொத்து வரியிலிருந்து கிடைக்கிறது. பூங்காவிற்கென விதிக்கும் வரி தனியே காட்டப்படுகிறது. அவ்வரியின் உச்ச வரம்பை வேறொரு குழு வரையறுப்பதால், வாரியம் தன் விருப்பம்போல் வரியை உயர்த்திவிடவும் இயலாது.

புல்வெளியும் பிள்ளைகளும்

1906 முதல் 1935 வரை மேற்பார்வையாளராக இருந்த தியோடர் வெர்த், ஸ்விட்சர்லாந்து நாட்டில் பிறந்தவர். புல்லின்மேல் நடவாதீர் என்ற அறிவிப்புப் பலகைகளை அவர் அகற்றினார். பூங்கா பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று, பயன்படுத்துவதற்கு உரியது என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கால் மைல் தொலைவுக்குள் ஒரு விளையாட்டிடம் இருத்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

அவர் காலத்தில் சதுப்பாகக் கிடந்த ஐல்ஸ் ஏரியைத் தூர் எடுத்து, அம்மண்ணைக் கொண்டே கரையை உயர்த்தினர். 1911இல் அதனை அண்டை ஏரியோடு ஒரு கால்வாயால் இணைத்தனர். கால்ஹூன் என வழங்கிய அவ்வண்டை ஏரிக்கு, டகோட்டாப் பழங்குடியினரின் பெயரான பெடே மகா ஸ்கா என்பதை 2018இல் மாநில அரசு மீண்டும் வழங்கியது.

இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட பொழுதுபோக்கு நிலையங்களை வாரியம் நடத்துகிறது. சிறுவர் விளையாட்டுக் குழுக்கள், முதியோர் கூட்டங்கள், கைத்தொழில் வகுப்புகள் ஆகியன அங்கு நடைபெறுகின்றன. கோடையில் நீந்துவோரும், ஏரி உறையும் குளிர்காலத்தில் பனியில் சறுக்கி விளையாடுவோரும் உளர். இவற்றிற்கெல்லாம் பயிற்சி பெற்ற பணியாளர் வேண்டும். கட்டடம் மட்டும் பிள்ளைகளை வரவழைக்காது. கதவைத் திறக்கவும் பந்தை எடுத்துக் கொடுக்கவும் ஓர் ஆள் இருந்தாலே வருவர்.

மரங்கள் கற்பித்த பாடம்

தெருவோர மரங்களும் இவ்வாரியத்தின் பொறுப்பே. ஒரு காலத்தில் தெருத்தோறும் எல்ம் என்னும் ஒரே இன மரத்தையே நிரை நிரையாக நட்டிருந்தனர். எல்ம் மரத்தைத் தாக்கும் பூஞ்சண நோய் பரவியபோது, 1977ஆம் ஆண்டில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அழிந்தன. பின்னர் பல தெருக்களில் ஆஷ் மரங்களை நட்டனர். 2010இல் அதனைத் துளைக்கும் வண்டு அந்நகரில் காணப்பட்டது. ஆகவே அம்மரங்களைப் படிப்படியாக அகற்றி, பலவகை மரங்களைக் கலந்து நடும் வேலையை மேற்கொண்டனர். ஒரே பயிரை நம்பினவன் ஒரே பூச்சிக்கு அஞ்ச வேண்டும் என்பது உழவர்க்கு நாம் சொல்லித் தெரிய வேண்டுவதன்று.

பணம் உள்ள இடத்திற்கே பூங்கா

இனி, அந்நகரம் செய்த தவற்றினைக் காண்போம். ஒரு பகுதியில் பூங்கா அமைக்கும் செலவை அப்பகுதியின் நில உடைமையாளரிடமே வசூலிக்க 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி வகுத்தது. பயன் பெறுவோர் பணம் தரட்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். நடந்தது என்ன? பணம் தர வல்லவர் வாழ்ந்த பகுதிகள் நல்ல பூங்காக்களைப் பெற்றன. வறியோர் வாழ்ந்த பகுதிகள் பின்தங்கின. நெருக்கமான வீடுகளில் வாழ்ந்து, திறந்தவெளி மிகுதியும் தேவைப்பட்ட பிள்ளைகளுக்கே அது குறைவாகக் கிடைத்தது.

இக்குறையைப் போக்க 2016இல் வாரியமும் நகரசபையும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி, குடியிருப்புப் பகுதிப் பூங்காக்களுக்காக இருபதாண்டுக் காலம் ஆண்டுதோறும் குறைந்தது 1 கோடியே 10 லட்சம் டாலர் கூடுதலாகச் செலவிடப்பட வேண்டும். எந்தப் பூங்காவிற்கு முதலிடம் என்பதை உறுப்பினரின் செல்வாக்கு முடிவு செய்வதில்லை. சுற்றுப்புறத்தின் வறுமை, இன வேற்றுமையால் விளைந்த குறைகள், மக்கள் நெருக்கம், பிள்ளைகளின் எண்ணிக்கை, குற்றங்களின் அளவு, பூங்காச் சாதனங்களின் நிலை, முன்னர் செலவிட்ட தொகை ஆகியவற்றிற்கு மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்துகின்றனர். அவ்வரிசை யாவரும் காண வெளியிடப்படுகிறது. தம் பகுதி ஏன் பின்னால் நிற்கிறது என்று கேட்பவருக்குக் காட்ட ஒரு கணக்கு இருக்கிறது.

நாம் கொள்ளத்தக்கவை

பஞ்சாயத்தின் வருவாய் அந்நகரத்தின் வருவாய்க்கு ஈடாகாது. ஆயினும் பின்வருவனவற்றிற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை.

1. பொது நிலத்தை அளந்து, எல்லைக்கல் நட்டு, பதிவேட்டில் குறித்து வைத்தல். ஆக்கிரமிப்பு நேர்ந்த பின் மீட்பதினும் முன்னரே காப்பது எளிது.

2. பூங்காவைத் திறக்கும் நாளிலேயே அதன் பராமரிப்புக்கு ஆளையும் ஆண்டுத் தொகையையும் குறித்தல். அத்தொகை இல்லையெனில் புதிய ஊஞ்சல் வேண்டா. பழையதைப் பழுது பார்த்தலே நன்று.

3. ஒரே இன மரத்தை நடாமல் பலவகை மரங்களைக் கலந்து நடுதல்.

4. எந்தக் குடியிருப்புக்கு எவ்வாண்டில் எவ்வளவு செலவாயிற்று என்பதை எழுதி, கிராம சபையில் படித்துக் காட்டுதல்.

இவற்றுள் நான்காவதே தலையாயது என்று நாம் கருதுகிறோம். ஊரின் நடுவே இரண்டாவது பூங்கா எழ, ஊர்க்கோடிக் குடியிருப்பின் பிள்ளைகள் சாலையோரத்தில் விளையாடுவதாயின், அஃது அபிவிருத்தி ஆகாது. மினியாபொலிஸ் நகரம் தன் தவற்றைக் கணக்கிட்டுத் திருத்தத் தொடங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுவதில்லை. அடுத்த கூட்டத்திற்கு ஒரு கணக்கு ஏட்டைக் கொண்டு செல்வோமாயின் அதுவே போதிய தொடக்கமாகும்.