நல்ல கோச் யார்? கல்லூரிக்கு ஓர் அளவுகோல், என்பிஏவுக்கு வேறு

ஓரிடத்தில் பட்டம் வென்ற பயிற்சியாளர் எங்கே போனாலும் வெல்வார் என்று நம்பிய, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி, அதற்குப் பெரிய விலை கொடுத்தது. 1996-ல் கென்டக்கி பல்கலைக்கழகத்தை அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் சாம்பியனாக்கியவர் ரிக் பிட்டினோ. அடுத்த ஆண்டே செல்டிக்ஸ் அவரை அழைத்து, பயிற்சியாளர் பொறுப்போடு நிர்வாகத் தலைமையையும் சேர்த்துக் கொடுத்தது. 2001 ஜனவரியில் அவர் விலகும்போது கணக்கில் 102 வெற்றி, 146 தோல்வி. கல்லூரிக்கே திரும்பிய அவர், 2005-ல் லூயிவில் பல்கலைக்கழக அணியை இறுதி நான்கு வரை கொண்டுபோய்விட்டார்.

மனிதர் அதேதான், மூளையும் அதேதான். வேலைதான் வேறு. கல்லூரிப் பட்டம், என்பிஏ பட்டம் இரண்டையும் தலைமைப் பயிற்சியாளராக வென்றவர் லாரி பிரவுன் ஒருவரே: 1988-ல் கான்சஸ், 2004-ல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். பயிற்சியாளரைத் தேடும் நிர்வாகமானாலும், எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கும் இளம் உதவிப் பயிற்சியாளரானாலும், கோப்பைகளை எண்ணுவதற்கு முன் ஐந்து விஷயங்களை எடைபோட வேண்டும்.

ஆளைச் சேர்ப்பது யார்?

கல்லூரியில் அணியைக் கட்டுவது பயிற்சியாளர். பள்ளி மாணவனின் வீடு தேடிப் போய், அவன் அம்மாவின் எதிரே உட்கார்ந்து, "உங்கள் பிள்ளையை என்னை நம்பி அனுப்புங்கள்" என்று கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மைக் ஷெஷெவ்ஸ்கி 1980-ல் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதல் மூன்று பருவங்களில் 38 வெற்றி, 47 தோல்வி. ஆனால் 1982-ல் அவர் சேர்த்த மாணவர்கள் நான்காம் ஆண்டில் 37 ஆட்டங்களை வென்று இறுதிப்போட்டி வரை போனார்கள். மூன்றாம் ஆண்டோடு அவரை அனுப்பியிருந்தால், பின்னால் வந்த ஐந்து பட்டங்கள் டியூக்குக்குக் கிடைத்திருக்காது.

என்பிஏவில் ஆளைப் பிடிப்பது பொது மேலாளரின் வேலை. டிராஃப்ட் எனும் புது வீரர் தேர்வு, வீரர் பரிமாற்றம், சம்பள உச்சவரம்பு எல்லாம் அவர் மேசையில். பயிற்சியாளருக்கு வருவது வேறொருவர் பொறுக்கிய பட்டியல். பிட்டினோ இரண்டையும் தானே வைத்துக்கொண்டார். 1997 டிராஃப்டில் மூன்றாவதாக எடுத்த சான்சி பில்லப்ஸை, முதல் பருவம் முடியும் முன்பே வேறு அணிக்குக் கைமாற்றினார். அதே பில்லப்ஸ்தான் 2004-ல் பிரவுனின் பிஸ்டன்ஸ் அணிக்காக இறுதித் தொடரின் சிறந்த வீரரானார்.

பிடி யார் கையில்?

1970-களின் தொடக்கம். நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரரான பில் வால்டன், யுசிஎல்ஏ அணியின் பயிற்சிக்குத் தாடியோடு வந்தார். தாடி கூடாது என்பது பயிற்சியாளர் ஜான் வுட்டன் வைத்திருந்த விதி. தாடி வைப்பது தன் உரிமை என்றார் வால்டன். கொள்கைப் பிடிப்புள்ளவர்களைத் தான் மதிப்பதாகச் சொன்ன வுட்டன், அவர் இல்லாத குறையை அணி உணரும் என்றும் அமைதியாகச் சேர்த்துக்கொண்டார். வால்டன் சைக்கிளில் ஏறிச் சலூனுக்குப் பறந்தார். மழித்த முகத்தோடு திரும்பினார்.

1998 ஜனவரியில் சிகாகோ புல்ஸ் வீரர் டெனிஸ் ராட்மன், பருவத்தின் நட்ட நடுவில் லாஸ் வேகாஸ் போக வேண்டும் என்று கேட்டார். பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் இரண்டு நாள் விடுப்புக் கொடுத்தார். ராட்மன் சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. ஜாக்சன் அதையும் தாங்கிக்கொண்டார். அந்த ஜூனில் புல்ஸ் ஆறாவது பட்டத்தை வென்றது. ராட்மன் இல்லாமல் அது நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

வுட்டன் கண்டிப்பானவர், ஜாக்சன் இளகிய மனம் கொண்டவர் என்று இதைப் படிக்கக் கூடாது. வுட்டனின் கையில் ஆடும் இடமும் உதவித்தொகையும் இருந்தன. ஜாக்சனின் அணியிலோ மைக்கேல் ஜோர்டன் மட்டுமே அந்தப் பருவத்தில் மூன்று கோடி டாலருக்கு மேல் சம்பளம் வாங்கினார். பயிற்சியாளரைவிடப் பல மடங்கு சம்பாதிக்கும் வீரரிடம் அதட்டல் எடுபடாது. அங்கே இணங்கவைக்கத் தெரிந்தவரே பிழைப்பார்.

பாடமா, பராமரிப்பா?

வுட்டனின் முதல் நாள் பயிற்சியில் பந்து வெளியே வராது. பள்ளியில் நட்சத்திரங்களாக இருந்து வந்த பையன்களை உட்காரவைத்துக் காலுறை போடச் சொல்லித் தருவார். குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் சுருக்கம் இல்லாமல் நீவ வேண்டும். காலுறையை மேலே இழுத்துப் பிடித்தபடியே ஷூவை மாட்ட வேண்டும். நாடாவை ஒவ்வொரு துளையிலும் இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி தவறும். அவ்வளவுதான் காரணம். அந்த அணி 12 ஆண்டுகளில் 10 பட்டங்களை வென்றது. ஆனால் முதல் பட்டம் வந்தது 1964-ல், வுட்டன் பொறுப்பேற்ற 16-வது பருவத்தில்.

கல்லூரியில் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரம் என்று கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ வரம்பு வைத்திருக்கிறது. ஆட்டங்கள் முப்பதைச் சற்றுத் தாண்டும். சொல்லித்தர நேரம் உண்டு. என்பிஏவில் ஆறே மாதத்தில் 82 ஆட்டங்கள். நடுவில் விமானம், ஓட்டல், மறுபடி விமானம். 2012 நவம்பரில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், ஐந்து இரவுகளில் நான்காவது ஆட்டத்துக்காக மயாமியில் இறங்கியிருந்தது. டிம் டங்கன் உள்ளிட்ட நான்கு முக்கிய வீரர்களைப் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் ஆடவிடாமல் வீட்டுக்கு அனுப்பினார். லீக் 2,50,000 டாலர் அபராதம் போட்டது. பின்னாளில் வீரர்களுக்கு ஓய்வு கொடுப்பது எல்லா அணிகளுக்கும் வழக்கமாகிவிட்டது. மைதானம் முழுக்க எதிரணியை நெருக்கும் பிட்டினோவின் பாணி கல்லூரியில் வென்றதற்கும், 82 ஆட்டங்களில் மூச்சுவாங்கியதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஓர் இரவா, ஏழு ஆட்டமா?

கல்லூரிப் போட்டியில் 68 அணிகள், தோற்றால் வெளியே. அந்த 40 நிமிடத்துக்கு அணியை உச்சத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். என்பிஏ பிளே-ஆஃபில் ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் வரை மோத வேண்டும். 2014 இறுதித் தொடர் 1-1 என்று நின்றபோது, பாப்போவிச் மூன்றாவது ஆட்டத்தில் போரிஸ் டியாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தார். அடுத்த மூன்றையும் 19, 21, 17 புள்ளி வித்தியாசத்தில் வென்று ஸ்பர்ஸ் கோப்பையைத் தூக்கியது. தோல்விக்கு மறுநாள் எதை மாற்றினார் என்பதே தொழில்முறைப் பயிற்சியாளருக்கான தேர்வுத்தாள்.

வெற்றிக்கு எது கணக்கு?

டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் பயிற்சியாளர் பாட் சம்மிட் 1,098 வெற்றிகளும் 8 பட்டங்களும் பெற்றவர். அவரிடம் முழுக் காலமும் ஆடிய பெண்கள் அத்தனை பேரும் பட்டதாரிகள் ஆனார்கள். அவர் சாதனைகளில் எதை முதலில் சொல்வது என்று கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டும். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருந்த டீன் ஸ்மித் 2015-ல் மறைந்தபோது, தன்னிடம் ஆடிய வீரர் ஒவ்வொருவருக்கும் வெளியே ஒரு வேளை சாப்பிட 200 டாலர் உயிலில் எழுதிவைத்திருந்தார். தொழில்முறையில் இத்தகைய பாசம் இருக்கக் கூடாது என்றில்லை. ஆனால் ஒப்பந்தம் நீள்வது கோப்பையைப் பார்த்துத்தான்.

எல்லை நகர்கிறது

2021 முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பர வருமானம் பெறலாம். கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். பத்தொன்பது வயதுப் பையன் இன்று பேரம் பேச முடியும். கல்லூரிப் பயிற்சியாளரும் இணங்கவைக்கக் கற்க வேண்டியிருக்கிறது.

அதற்கு ஷெஷெவ்ஸ்கியே முன்மாதிரி. 2006-ல் அவர் வழிநடத்திய அமெரிக்க அணி, உலகப் போட்டி அரையிறுதியில் கிரீஸிடம் தோற்றது. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன், என்பிஏ நட்சத்திரங்களைக் கூட்டி, அணியின் நடத்தை விதிகளை அவர்களையே சொல்லச் சொன்னார். டியூக்கில் விதி வகுத்தவர் அவர், இங்கே வீரர்கள். 2008, 2012, 2016 மூன்றிலும் தங்கம்.

யாரைத் தேர்வது?

இளம் வீரர்கள், பொறுமையுள்ள நிர்வாகம், ஆளைச் சேர்க்கும் அதிகாரம் மூன்றும் இருந்தால், வாத்தியார் குணமுள்ளவரை எடுங்கள். குறைந்தது நான்கு ஆண்டுகள் கொடுங்கள். முதிர்ந்த வீரர்கள், நீண்ட பருவம், தனிப் பொது மேலாளர் என்றால், தன் திட்டத்தைப் பட்டியலுக்கேற்ப மாற்றத் தெரிந்தவரை எடுங்கள். ஆள் எடுக்கும் அதிகாரத்தையும் அவரிடமே கொடுத்துவிடாதீர்கள்.

கையெழுத்துக்கு முன் இரண்டு போன் பேசுங்கள். கல்லூரிக்கு வருபவர் என்றால், அவரிடம் நான்கு ஆண்டு ஆடியும் தொழில்முறைக்குப் போகாத ஒருவரிடம் பேசுங்கள். தொழில்முறைக்கு வருபவர் என்றால், அவருடைய அணியில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த பன்னிரண்டாவது ஆளிடம் பேசுங்கள். திரும்பவும் அவரிடம் ஆடுவாயா என்று மட்டும் கேளுங்கள்.