அமுதசுரபி உணர்த்தும் அறம்

தமிழில் முழுமையாகக் கிடைக்கும் பௌத்தக் காப்பியம் மணிமேகலை. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய இந்நூலைச் சமயத் தருக்க நூல் என்று மட்டும் கொள்வாருண்டு. அன்றாட வாழ்வில் பௌத்தர் ஒழுக வேண்டிய நெறி யாது என வினவுவார்க்கும் அது விடை பகர்கிறது. பசித்தோர்க்கு உணவளித்தலே அவ்விடை. ஆபுத்திரன் வரலாற்றின் வழி இதனை ஆராய்வோம்.

ஆபுத்திரன் மதுரையில் இரந்து வாழ்ந்தவன். இரந்து பெற்றதையும் ஆதரவற்றோர்க்கு முதலில் ஊட்டி, எஞ்சியதையே தான் உண்டான். சிந்தாதேவி அவனுக்கு அள்ளக் குறையாத அமுதசுரபியை அளித்தாள். பின்னர் மழைவளம் பெருகவே, பாண்டிநாட்டில் பசித்தோர் இலராயினர். கொள்வாரைக் காணாது வருந்திய அவன், சாவக நாட்டில் பஞ்சம் எனக் கேட்டுக் கப்பலேறினான். இடைவழியில் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டான். தான் ஒருவனே உண்டு வாழ அவன் மனம் ஒருப்படவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

ஈவோன் உயர்ந்தோன், ஏற்போன் தாழ்ந்தோன் என்பது உலக வழக்கு. கொள்வோர் இன்றேல் கொடுப்போன் வாழ்வும் பயனற்றது என்பது ஆபுத்திரன் காட்டும் உண்மை. பசித்து வருவோன் நம் அறத்திற்கு இடமளிக்க வருகிறான்.

பொய்கையில் மறைந்த பாத்திரம் வைகாசி முழுநிலா நாளில் மணிமேகலையின் கைக்கு வந்தது. அம்முழுநிலா நாளையே இலங்கைப் பௌத்தர் வெசாக் பெருநாளாகக் கொண்டாடுகின்றனர். அப்போது தெருவோரங்களில் ‘தன்சல்’ என்னும் பந்தல்கள் அமைத்து, வழிச்செல்வோர் யாவர்க்கும் இனமும் சமயமும் கேளாது உணவும் பானமும் விலையின்றி வழங்குகின்றனர். ரமலான் மாதத்தில் நம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி பிற சமயத்து அண்டை வீட்டார்க்கும் செல்வதை அறிந்த நமக்கு இவ்வழக்கம் அயலானதன்று.

எனினும் ஒன்றை மறைத்தற்கில்லை. தன்சல் பந்தல்கள் எழும் அந்நாட்டிலிருந்தே, 1983-ஆம் ஆண்டு முதல் இனப்போருக்கு அஞ்சிய தமிழர் படகேறி இராமேசுவரம், தனுஷ்கோடிக் கரைகளில் வந்திறங்கினர். மண்டபம் முகாம் அவர்களுக்கு இடமளித்தது. 2022-ஆம் ஆண்டில் பொருளாதார நெருக்கடியால் மீண்டும் சில குடும்பங்கள் தனுஷ்கோடி மணலில் வந்து நின்றன. விழா நாளோடு நின்றுவிடும் ஈகை எச்சமயத்தார்க்கும் போதாது என்பதையே இது காட்டுகிறது. வெசாக் கழிந்த மறுநாளும், ரமலான் கழிந்த மறுமாதமும் பசி இருக்கிறது.

ஆகவே, இக்கரையில் பயிலும் மாணவர்கள் மணிமேகலையைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கொள்ளாது, தம் ஊர்க்கரையில் வந்திறங்குவோரை எங்ஙனம் எதிர்கொள்வது எனக் கற்பிக்கும் நூலாகவும் கொள்வார்களாக.