சம்பளச் சீட்டில் விழும் இடைவெளி

முத்தாபுதுப்பேட்டை, மிட்டனமல்லி, ஆவடிப் பக்கம் இந்த வருடம் படிப்பை முடிக்கும் பெண்கள் யாரும் படிப்பில் பின்தங்கியவர்கள் அல்ல. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் சேர்க்கை விகிதம் 47.3, ஆண்களுடையது 46.8. வேலை என்று வரும்போதுதான் கணக்கு தலைகீழாகிறது. 2023-24இல் இந்திய நகரங்களில் 15 வயதைத் தாண்டிய பெண்களில் வேலை பார்ப்பவர்களையும் தேடுபவர்களையும் சேர்த்தாலும் 28 சதவீதம்தான்.

இடையில் என்ன நடக்கிறது? 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது இதைத்தான். சிகாகோவில் எம்பிஏ முடித்தவர்களை அவரும் சகாக்களும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வேலையில் சேரும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம். பத்துப் பதினைந்து வருடத்தில் பெரிய வித்தியாசம். குழந்தை பிறந்த பிறகு விட்ட வருடங்களும் குறைத்துக்கொண்ட நேரமும்தான் அதில் பெரும் பங்கு. “குழந்தைக்கு ஒரு வயசு ஆகட்டும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று மாமியார் அன்பாகச் சொல்வது நம் வீடுகளில் மூன்று வருடமாக, ஐந்து வருடமாக நீண்டுவிடுகிறது.

அதனால் முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போதே சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். எந்த நேரமும் கூப்பிட்டால் ஓடிவர வேண்டும் என்று எதிர்பார்க்கும் வேலைகள் அதற்காகவே கூடுதலாகக் கொடுக்கின்றன. வீட்டுப் பொறுப்பு பெண் தலையில் இருக்கும்வரை அந்தப் பணம் ஆணுக்கே போகும். இதற்கு மாற்றாகக் கோல்டின் காட்டுவது அமெரிக்க மருந்தாளுநர்களை. ஒரு காலத்தில் அங்கே மருந்துக்கடை முதலாளியே நாள் முழுக்கக் கடையில் நின்றார். பிறகு பெரிய சங்கிலிக் கடைகள் வந்தன, நோயாளியின் விவரமெல்லாம் கணினிக்குள் போயிற்று, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர முடிந்தது. குறைந்த நேரம் வேலை பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்கான கூலி குறையவில்லை. ஆண்-பெண் சம்பள வித்தியாசம் மிகக் குறைவாக உள்ள தொழில்களில் இன்று மருந்தாளுநர் தொழிலும் ஒன்று. டி.பார்ம், லேப் டெக்னீஷியன், வங்கி கவுன்டர், தரப் பரிசோதனை என்று எதைப் பார்த்தாலும் ‘நான் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினால் என் இடத்தை யார் பார்ப்பார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருக்கிற வேலை பிள்ளை பிறந்த பிறகும் நிலைக்கும்.

நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பெண்களுக்கு இரவு ஷிஃப்ட் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இலேயே ரத்து செய்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை கிடைத்தால் தயங்காமல் கேளுங்கள்: கேப் வீட்டு வாசல் வரை வருமா, ஆவடி பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிடுமா? ராத்திரி பதினொரு மணிக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை.

பேறுகால விடுப்பு சலுகை அல்ல, உரிமை. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் சம்பளத்துடன் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். வேலை ஆர்டரில் இதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள்.

பிஎஃப் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கல்யாணச் செலவுக்கோ வளைகாப்புக்கோ என்று மொத்தத்தையும் எடுத்துவிடாதீர்கள். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். அதற்குள் பென்ஷன் பங்கையும் எடுத்தால் உழைத்த வருடங்கள் கணக்கிலிருந்தே போய்விடும். வேலையை விட்டாலும் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணை விடாதீர்கள், பென்ஷன் பங்குக்குப் பதில் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வையுங்கள். திரும்பச் சேரும்போது பழைய வருடங்கள் கூடவே வரும்.

வேலையை விட்டு வெகுநாள் ஆகிவிட்டவர்களுக்கு அம்பத்தூரிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது. தமிழ்நாட்டு ஐடிஐகளில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. சேர்க்கை அறிவிப்பு வருவதற்குள் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் பீரோவிலிருந்து தேடி எடுத்து வையுங்கள்.