சணப்பு வயலில் பகலில் பறக்கும் அந்துப்பூச்சி

அந்துப்பூச்சி என்றாலே ராத்திரி விளக்கைச் சுற்றுவது என்றுதான் நினைக்கிறோம். பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்திருக்கிற வயலில் நல்ல வெயிலில் இறங்கி நடந்து பாருங்க. வெள்ளையாக ஒன்று படபடவென எழும்பி, நாலு எட்டு தள்ளிப் போய் மறுபடி செடியிலேயே உட்காரும். முன் இறக்கையில் சிவப்பும் கறுப்புமாக, குங்குமத்தையும் மையையும் மாற்றி மாற்றி வைத்த மாதிரி பொட்டுகள். பின் இறக்கை வெள்ளை, ஓரம் மட்டும் கறுப்பு. பட்டாம்பூச்சி என்று ஏமாறுவோம். உணர்கொம்பைப் பாருங்க: நூல் மாதிரி இருக்கும், நுனியில் குமிழ் இருக்காது. இதுதான் யூட்டதீசா புல்செல்லா. ராத்திரியிலும் பறக்கும்.

இப்படிப் பளிச்சென்று பகலில் திரிய இதற்குத் தைரியம் தருவது சணப்புதான். சணப்பு, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நஞ்சு இருக்கிறது. புழு அதைத் தின்று உடம்பில் சேர்த்து வைக்கிறது. அந்துப்பூச்சி ஆன பிறகும் அது போகாது. இதன் பங்காளி இனம் ஒன்றை அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர் ஆராய்ந்தார். வலையில் சிக்கிய அந்துப்பூச்சியைச் சிலந்தியே நூலை அறுத்து வெளியே விட்டுவிடுகிறது! இணைசேரும்போது ஆண் தன் நஞ்சில் ஒரு பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. பெண் அதை முட்டைக்கும் ஏற்றுகிறது. மாப்பிள்ளை கொண்டுவரும் சீர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நமக்கு இதில் என்ன? பூக்கும் சமயம், 45 நாள் வாக்கில் மடக்கி உழுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். புழு கொஞ்சம் இலை தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். சொந்த விதைக்காக ஒரு பாத்தி விடுகிறவர்கள்தான் கவனிக்கணும். நஞ்சு அதிகம் இருப்பது விதையில். அதனால் புழு காயைத் துளைத்து உள்ளே போய் விதையைத் தின்னும். கருத்த உடம்பு, வெள்ளைக் கோடு, ஆரஞ்சுப் பொட்டு, மேலே முடி. காய் பிடித்ததும் ஓட்டை விழுந்த காய் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்க. புழுவைக் குச்சியால் தட்டித் தண்ணீரில் போடலாம். கூட்டுப்புழு கீழே சருகுக்குள் கிடக்கும், அதையும் கிளறிப் பாருங்க. மற்ற காய்ப்புழுவுக்கு வைக்கிற பறவைத் தாங்கியை இங்கே பெரிதாக நம்ப முடியாது. கசக்கிற புழுவைப் பறவை விரும்பாது.

விதை அடித்த பிறகு மிஞ்சும் சண்டு விதையை மாட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிடாதீங்க. பூச்சியைக் காப்பாற்றுகிற அதே நஞ்சு அவற்றின் ஈரலைக் கெடுக்கும்.